ராஜ்யமே எல்லையாக

ஐக்கிய அமெரிக்காவின் வடபாகத்தில், குளிர்காலத்தில் கல்லாய் உறைந்துபோகும் ஏரிகள் நிறைந்த விஸ்கான்சின் பிரதேசம் 1848-ம் ஆண்டில் தனி ராஜ்யமாக அங்கீகாரம் பெற்றபோது, அதன் அரசியல் சட்டத்தை வகுத்தவர்கள் நீதிமன்றங்களையும் வரிகளையும் பற்றி எழுதியதோடு நில்லாமல், தலைநகரத்திலோ அதற்கு அருகிலோ ஒரு சர்வகலாசாலை அமைய வேண்டும் என்றும் அதே சாசனத்தில் எழுதி வைத்தார்கள். மரம் வெட்டியும் கோதுமை விதைத்தும் பிழைத்துவந்த குடியேற்றக்காரர்கள், தங்கள் ராஜ்யம் பிறந்த ஆண்டிலேயே தங்கள் சர்வகலாசாலையும் பிறக்கவேண்டுமென்று விரும்பியது எனக்குச் சாதாரணமான விஷயமாகத் தோன்றவில்லை. 1849 பிப்ரவரி 5-ந் தேதி, மாடிசன் நகரில், பெண்கள் பள்ளியொன்றின் கட்டிடத்தை இரவலாகப் பெற்று, ஜான் ஸ்டெர்லிங் என்ற ஆசிரியர் 17 மாணவர்களுக்கு முதல் வகுப்பை நடத்தினார். இன்று அதே ஊரில், மெண்டோட்டா ஏரியின் தென்கரையில், ஏறத்தாழ 50,000 மாணவர்கள் படிக்கிறார்கள். அந்தக் கரை அதற்கு முன்னர் ஹோ-சங்க் என்னும் ஆதிகுடிகளின் வாசஸ்தலமாக இருந்தது என்பதையும், 1832-ம் ஆண்டு உடன்படிக்கையில் அவர்கள் நிர்ப்பந்தத்தின் பேரில் அதை விட்டுக்கொடுக்க நேர்ந்தது என்பதையும் கூறாமல் இந்தச் சரித்திரத்தை ஆரம்பிப்பது நியாயமாகாது. அவர்களுடைய முன்னோர் எழுப்பிய மண்மேடுகள் சர்வகலாசாலையின் மைதானங்களிலேயே இன்றும் இருக்கின்றன.

மாடிசன் நகரத்தின் அமைப்பிலேயே ஒரு விசேஷம் உண்டு. சர்வகலாசாலையின் பிரதான மண்டபம் பாஸ்கம் குன்றின் உச்சியில் நிற்கிறது. அதற்கு எதிரே, ஏறத்தாழ ஒரு மைல் தூரத்தில், சட்டசபைக் கட்டிடத்தின் பெரிய கோபுரம் எழுந்து நிற்கிறது. இரண்டையும் ஒரே நேர்த்தெரு இணைக்கிறது. சட்டம் செய்பவர்கள் அந்தத் தெருவின் ஒரு கோடியிலும் சாஸ்திரம் கற்பவர்கள் மறு கோடியிலும் இருந்துகொண்டு, ஒருவரையொருவர் தினமும் பார்க்கும்படி நேர்ந்ததன் விளைவுகள் பின்னாளில் அமெரிக்கா முழுவதையும் தொட்டன. 1870-களில் சர்வகலாசாலைத் தலைவராக இருந்த ஜான் பாஸ்கம் என்பவர், கல்வி பெற்றவன் அந்தக் கல்விக்காகத் தன் சமூகத்துக்குக் கடமைப்பட்டவன் என்ற எண்ணத்தைத் தம் மாணவர்களின் மனத்தில் ஆழப் பதித்தார். அவரிடம் படித்து 1879-ல் ஒன்றாகப் பட்டம் பெற்ற இருவரில், ராபர்ட் லாஃபாலெட் என்பவர் 1901-ல் ராஜ்யத்தின் கவர்னராகவும், சார்லஸ் வான் ஹைஸ் என்பவர் 1903-ல் சர்வகலாசாலையின் தலைவராகவும் ஆனார்கள். அந்தத் தெருவின் இரு கோடிகளிலும் பழைய வகுப்புத் தோழர்கள் அமர்ந்த அந்தக் காலத்தில்தான், சர்வகலாசாலையின் உபகாரம் ராஜ்யத்தின் ஒவ்வொரு குடும்பத்தையும் சென்று சேரும்வரையில் தாம் திருப்தியடையப் போவதில்லை என்று வான் ஹைஸ் அறிவித்தார். சர்வகலாசாலையின் எல்லை அதன் மதில் அன்று, ராஜ்யத்தின் எல்லையே அதன் எல்லை என்னும் இந்தக் கொள்கைக்கு ‘விஸ்கான்சின் கருத்து’ என்று பெயர் வழங்கலாயிற்று.

இத்தகைய வாக்குறுதிகளை மேடையில் கூறுவது எளிது. ஆனால் இங்கே காரியமும் நடந்தது. வேலையில் காயமடைந்த தொழிலாளிக்கு நஷ்டஈடு அளிக்கும் சட்டம் 1911-லும், நாட்டிலேயே முதன்முதலாக வேலையில்லாதவர்களுக்கு இன்ஷூரன்ஸ் அளிக்கும் சட்டம் 1932-லும் இந்த ராஜ்யத்தில் நிறைவேறியதற்குப் பின்னால், ஜான் காமன்ஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் செய்த உழைப்பு இருந்தது. அந்த மாணவர்களில் ஒருவரான எட்வின் விட் என்பவரே, 1935-ல் அமெரிக்கா முழுமைக்கும் ஏற்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை உருவாக்கிய குழுவின் நிர்வாகியாகப் பணிபுரிந்தார். முதுமையில் ஓய்வூதியம் பெறும் கோடிக்கணக்கான அமெரிக்கர்களில் எத்தனை பேர் இந்த ஏரிக்கரையை நினைக்கிறார்கள்?

எனினும் இந்தச் சர்வகலாசாலையின் சிறப்பை நன்கு அறிய விரும்புவோர் சட்டசபையைவிட மாட்டுத் தொழுவத்தையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மண் சாரமிழந்ததாலும் பூச்சிகளாலும் கோதுமை விளைச்சல் வீழ்ந்து, விஸ்கான்சின் விவசாயிகள் பசு மாடுகளை நம்பத் தொடங்கிய காலம் அது. 1885 முதல், குளிர்காலத்தில் வயலில் வேலையில்லாத மாதங்களில் விவசாயிகளின் பிள்ளைகள் வந்து தங்கிப் படித்துவிட்டுப் போவதற்கென்று ஒரு குறுகிய காலப் படிப்பையும் சர்வகலாசாலை நடத்தி வந்தது. அப்போது பாலை எடை பார்த்து வாங்குவதே வழக்கம். நீர் கலந்தவனுக்கும், பாலேட்டை எடுத்துவிட்டு ஊற்றியவனுக்கும், நேர்மையாகக் கெட்டிப் பால் கொண்டுவந்தவனுக்கும் ஒரே விலை கிடைத்தது. இதனால் யோக்கியன் நஷ்டமடைந்தான். நல்ல மாட்டை வளர்க்கவேண்டும் என்ற ஊக்கமும் குன்றியது. 1888-ல் மாடிசனுக்கு வந்து சேர்ந்த ஸ்டீபன் பாப்காக் என்ற ரஸாயன சாஸ்திரி, இரண்டே ஆண்டுகளில் இதற்கு ஒரு பரிகாரம் கண்டார். குறுகலான கழுத்தில் அளவுக்கோடுகள் இட்ட கண்ணாடிக் குப்பியில் பாலையும் கந்தக அமிலத்தையும் சம அளவில் ஊற்றினால், கொழுப்பைத் தவிர மற்றவற்றையெல்லாம் அமிலம் கரைத்துவிடும். குப்பியை வேகமாகச் சுழற்றி, வெந்நீர் சேர்த்து மறுபடியும் சுழற்றினால், இலேசான கொழுப்பு கழுத்துப் பகுதிக்கு ஏறி நிற்கும். கோட்டைப் பார்த்தே அளவைச் சொல்லிவிடலாம். படிப்பு அதிகமில்லாத ஒருவனும் கிராமத்துப் பால் நிலையத்தில் சில நிமிஷங்களில் செய்துவிடக்கூடிய இந்தச் சோதனைக்குப் பாப்காக் காப்புரிமை வாங்கவில்லை. 1890-ல் அதை உலகத்துக்கு இனாமாகக் கொடுத்துவிட்டார். விவசாயிகளின் வரிப்பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் பலன் விவசாயிகளுக்கே சொந்தம் என்பது அவருடைய எண்ணம்.

பாப்காக்கின் மனத்தில் வேறொரு சந்தேகமும் நெடுநாளாக இருந்தது. ரஸாயனக் கணக்கின்படி சம அளவு சத்துள்ள இரண்டு தீவனங்கள் மாட்டுக்கும் சமமாகவே பயன்படும் என்று அக்காலத்து விஞ்ஞானிகள் நம்பினார்கள், அவர் நம்பவில்லை. அவருடைய தூண்டுதலால் 1907-ல் 16 கிடாரிகளை நான்கு கூட்டமாகப் பிரித்து, ஒன்றுக்கு மக்காச்சோளப் பயிரை மட்டும், ஒன்றுக்குக் கோதுமையை மட்டும், ஒன்றுக்கு ஓட்ஸை மட்டும், மற்றொன்றுக்கு மூன்றையும் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். காகிதத்தில் எல்லாத் தீவனமும் சமம். ஆனால் மக்காச்சோளம் தின்றவை பளபளவென்று கொழுத்து ஆரோக்கியமான கன்றுகளை ஈன்றன. கோதுமை தின்றவை மெலிந்து போயின. அவற்றின் கன்றுகள் இறந்தே பிறந்தன, அல்லது பிறந்த சில நாட்களில் மாண்டன. உணவில் அதுவரையில் யாரும் அளந்தறியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்பதை அந்த வாயற்ற ஜீவன்கள் தெரிவித்துவிட்டன. மாட்டை வைத்து ஆராய வருஷக்கணக்காகும் என்று கண்ட எல்மர் மக்காலம் என்ற இளம் விஞ்ஞானி எலிகளை வளர்த்துச் சோதிக்கத் தொடங்கினார். அவரும், பல ஆண்டுகள் சம்பளம் பெறாமலே அந்த எலிகளைப் பேணி உடனிருந்து உழைத்த மார்கரிட் டேவிஸ் என்ற பெண்மணியும், வெண்ணெயிலும் முட்டை மஞ்சட்கருவிலும் கரைந்திருக்கும் உயிர்ச்சத்து ஒன்றை 1913-ல் வெளிப்படுத்தினார்கள். வைட்டமின் ஏ என்று நாம் இன்று வழங்குவது அதுதான். சம்பளமில்லாத உழைப்பைப் பெருமையாகப் பேசுவது எனக்கு உடன்பாடன்று. ஆனால் அந்த அம்மையாரின் பெயரை மக்காலத்தின் பெயரோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தக் கிடாரிப் பரிசோதனையில் இளைஞராகப் பங்குகொண்ட ஹாரி ஸ்டீன்பாக், உணவுப் பொருள்களின்மேல் புற ஊதாக் கதிர்களைப் பாய்ச்சினால் அவற்றில் வைட்டமின் டி உண்டாகிறது என்பதை 1923-ல் கண்டறிந்தார். சூரிய ஒளி குறைந்த நாடுகளில் குழந்தைகளின் கால் எலும்புகளை வளைத்து முடமாக்கிவந்த ரிக்கெட்ஸ் என்னும் நோய்க்கு இதனால் விமோசனம் பிறந்தது. ஆனால் ஸ்டீன்பாக் பாப்காக்கின் வழியில் செல்லவில்லை. தம் கைப்பணம் 300 டாலரைச் செலவிட்டுக் காப்புரிமைக்கு மனுச் செய்தார்; பெரிய தானிய உணவுக் கம்பெனியொன்று அளிக்க முன்வந்த பெருந்தொகையை வேண்டாமென்று மறுத்தார். காப்புரிமையால் வரும் வருமானம் முழுவதும் மேலும் மேலும் ஆராய்ச்சிக்கே செல்லவேண்டும் என்ற உத்தேசத்தோடு, 1925-ல் பழைய மாணவர்களின் துணைகொண்டு ஒரு தர்ம ஸ்தாபனத்தை ஏற்படுத்தச் செய்தார். ‘வார்ஃப்’ என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் அந்த ஸ்தாபனம் இன்றுவரை சர்வகலாசாலைக்குப் பெரும் பொருளை அளித்து வருகிறது. பாப்காக்கின் வழி உயர்ந்ததா, ஸ்டீன்பாக்கின் வழி உயர்ந்ததா என்று கேட்டால், ஒரே வார்த்தையில் பதில் சொல்ல என்னால் இயலவில்லை. சுயலாபத்தைத் துறந்ததில் இருவரும் சமமே. ஆயினும், விஸ்கான்சின் வெண்ணெய்த் தொழிலைக் காப்பாற்றும் பொருட்டு, வெண்ணெய் வாங்க வசதியில்லாத ஏழைகள் உண்ணும் மார்ஜரினுக்குக் கதிர் பாய்ச்சும் அந்த முறையைப் பயன்படுத்த அந்த ஸ்தாபனம் அனுமதி மறுத்தது தவறு என்றே கருதுகிறேன். 1943-ல் நீதிமன்றம் அந்தக் காப்புரிமையைச் செல்லாதென்று தீர்த்தபோது இந்த மறுப்பையும் கண்டித்தது. சொந்த ராஜ்யத்தின் மீதுள்ள அன்பு, எல்லைக்கு அப்பாலுள்ள குழந்தையின் எலும்பை மறக்கச் செய்துவிடக்கூடும்.

1933 பிப்ரவரியில், கடும் பனிப்புயல் வீசிய ஒரு சனிக்கிழமையன்று, ஏறத்தாழ 190 மைல் தூரம் லாரி ஓட்டிக்கொண்டு ஒரு விவசாயி மாடிசனுக்கு வந்தார். லாரியில் செத்துப்போன ஒரு கிடாரியும், ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தமும், பூஞ்சணம் பிடித்த ஒரு கட்டு உலர்ந்த தீவனமும் இருந்தன. அவருடைய மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளுக்குள் ரத்தம் கசிந்து மடிந்துகொண்டிருந்தன. அவர் தேடிவந்த அதிகாரியின் அலுவலகம் அடைத்திருந்தது. திறந்திருந்தது ரஸாயனப் பேராசிரியர் கார்ல் பால் லிங்க் என்பவரின் கட்டிடம். இந்தத் தீவனத்தைக் கொடுக்காதீர்கள் என்பதைத் தவிர அன்றைக்கு அவரால் வேறொன்றும் சொல்ல முடியவில்லை. கவலையோடு வந்தவர் கவலையோடேயே திரும்பிப் போனார். ஆனால் அவர் விட்டுச்சென்ற ரத்தத்தையும் தீவனத்தையும் லிங்க்கின் ஆராய்ச்சிசாலை விடவில்லை. ஸ்வீட் க்ளோவர் என்ற அந்தச் செடியில் பூஞ்சணம் பிடிக்கும்போது உண்டாகி, ரத்தம் உறையும் சக்தியைக் கெடுத்துவிடும் பொருளை 1939-ல் பளிங்குகளாகப் பிரித்தெடுத்தார்கள். அதையொட்டிச் செய்த பொருள்களில் ஒன்று 1948-ல் எலிப் பாஷாணமாக வெளிவந்தது. 1954-ல் மனிதருக்குரிய மருந்தாக அனுமதி பெற்றது. வார்ஃப் ஸ்தாபனத்தின் பெயரையே தாங்கிய ‘வார்ஃபரின்’ அது. இருதயத்தில் செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர்கள் நம் ஊர்களிலும் இந்த மாத்திரையை உண்டுதான் ரத்தக் கட்டி ஏற்படாமல் உயிர் காக்கிறார்கள். தன் கஷ்டத்தைச் சர்வகலாசாலையின் வாசலில் கொண்டுவந்து வைக்கலாம் என்ற உரிமையுணர்ச்சி ஒரு ஏழை விவசாயிக்கு இருந்திராவிட்டால், அன்றைக்கு அந்த ரத்தம் ஏதோ ஒரு பனிமேட்டில் கொட்டப்பட்டிருக்கும்.

ஜனங்களுக்கு இவ்வளவு நெருங்கிய ஸ்தாபனத்துக்கு ஜனங்களின் கோபமும் நெருக்கமாகவே இருக்கும். 1894-ல், ரிச்சர்ட் எலி என்ற பொருளாதாரப் பேராசிரியர் வேலைநிறுத்தங்களுக்கு ஆதரவு தருகிறார், பொதுவுடைமை பேசுகிறார் என்று ராஜ்யத்தின் கல்வியதிகாரி ஒருவரே பத்திரிகையில் குற்றம் சாட்டினார். விசாரணை நடத்திய ஆட்சிக்குழு அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்ததோடு, வேறு இடங்களில் எத்தகைய தளைகள் இருந்தாலும் இந்தச் சர்வகலாசாலை உண்மையைச் சலித்தும் புடைத்தும் தேடும் பணியைப் பயமின்றி ஊக்குவிக்க வேண்டும் என்ற பொருள்படத் தீர்ப்பெழுதியது. அந்த வாசகத்தை வெண்கலத் தகட்டில் பொறித்து 1910-ம் ஆண்டு மாணவர்கள் அன்பளிப்பாகக் கொடுத்தபோது, ஆட்சிக்குழு அதை ஏற்க மறுத்தது என்பதும், ஐந்தாண்டுகள் கழித்தே பாஸ்கம் மண்டபத்தின் சுவரில் அது ஏறியது என்பதும் சுதந்திரத்தின் சரித்திரம் நேர்கோட்டில் செல்வதில்லை என்பதற்குச் சான்று.

வியட்நாம் யுத்த காலத்தில் இந்தச் சுதந்திரத்துக்கு மேலும் கடுமையான சோதனை வந்தது. நாப்பாம் குண்டுக்குரிய பொருளைச் செய்த கம்பெனி ஆள் எடுக்க வந்தபோது, 1967 அக்டோபரில் மாணவர்கள் மறித்து உட்கார்ந்தார்கள். போலீஸார் தடியடி நடத்தினார்கள். 1970 ஆகஸ்ட் 24-ந் தேதி விடியுமுன், ராணுவ கணித ஆராய்ச்சி நிலையம் இருந்த ஸ்டெர்லிங் மண்டபத்தின் அருகே வெடிமருந்து நிரப்பிய வண்டியை நிறுத்தி வெடிக்கச் செய்தார்கள் சிலர். ராணுவ ஆராய்ச்சிக்குச் சிறிதும் சம்பந்தமில்லாமல், தம் பௌதிகப் பரிசோதனையைக் கவனிக்க இரவில் தங்கியிருந்த 33 வயது விஞ்ஞானி ஒருவர் மாண்டார்; அவருக்கு மூன்று சிறு குழந்தைகள். யுத்தத்தை எதிர்த்த மாணவர்களின் தார்மிகத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த மரணத்தை எந்த நியாயமும் கழுவாது.

படிப்பும் போராட்டமும் மட்டுமே ஒரு சர்வகலாசாலையின் வாழ்க்கை ஆகிவிடா. 1928-ல் திறக்கப்பட்ட மாணவர் சங்கக் கட்டிடத்தின் பின்புறம் ஏரியை நோக்கி விரிந்திருக்கும் திறந்த முற்றத்தில், உதய சூரியனின் கிரணங்களைப்போல் சாய்மானம் அமைந்த வர்ண நாற்காலிகளில், வேனிற்கால மாலைகளில் மாணவர்களும் பேராசிரியர்களும் நகரத்துக் குடும்பங்களும் பேதமின்றி உட்கார்ந்திருப்பார்கள். சர்வகலாசாலையின் சொந்தப் பால் நிலையத்தில் செய்யும் ஐஸ்கிரீமுக்கு அங்கே எப்போதும் கிராக்கி உண்டு. அது பாப்காக்கின் பெயர் கொண்ட மண்டபத்திலிருந்து வருவது. குளிர்காலத்திலோ அதே ஏரி உறைந்து, ஜனங்கள் அதன்மேல் நடந்து திரிகிறார்கள். தம் கிராமத்திலேயே எழுத்தறிவுள்ள குடும்பம் அநேகமாகத் தம் குடும்பம் ஒன்றுதான் என்று எழுதிய பஞ்சாபியரான ஹர் கோவிந்த் கொரானா, 1960 முதல் பத்தாண்டுகள் இந்தக் குளிரில் இருந்துகொண்டுதான், உயிரணுக்களின் பாஷையில் எந்த மூன்றெழுத்து எந்தப் புரதக் கூற்றைக் குறிக்கிறது என்பதை ஆராய்ந்து, 1968-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். தெற்காசிய பாஷைகளுக்கென்று இங்கே கோடைகாலத்தில் நடந்துவந்த வகுப்புகளில் தமிழுக்கும் இடமிருந்தது. இந்தச் சர்வகலாசாலையின் மாணவர்கள் மதுரைக்கு வந்து தங்கித் தமிழ் படித்ததும் உண்டு.

அந்த ஏரியே ஓர் ஆராய்ச்சிசாலையாகவும் இருக்கிறது. எட்வர்ட் பர்ஜ், சான்ஸி ஜூடே என்ற இருவர் ஏரிகளின் சாஸ்திரத்தை அமெரிக்காவில் நிலைநாட்டியது இந்தக் கரையில்தான். மெண்டோட்டா எந்த நாளில் உறைந்தது, எந்த நாளில் உருகியது என்ற குறிப்புகள் 1850-களிலிருந்து தொடர்ந்து இருக்கின்றன. பனி மூடியிருக்கும் காலம் வரவரக் குறுகி வருவதை அந்தக் குறிப்புகள் தெளிவாகக் காட்டுகின்றன. இதைவிட மனத்தை உறுத்தும் விஷயம் வேறொன்று. சுற்றிலுமுள்ள பண்ணைகளின் எருவிலிருந்து மழைநீரில் அடித்துவரப்படும் பாஸ்பரஸினால், கோடையில் அந்த ஏரிநீர் பாசி படர்ந்து பச்சையாகி நாறுகிறது. எந்தப் பசுக்கள் இந்த ராஜ்யத்தை வாழ்வித்தனவோ, எந்தப் பசுக்களைப் பெருக்க இந்தச் சர்வகலாசாலை நூறாண்டுகளுக்கு மேலாக உழைத்ததோ, அந்தப் பசுக்களே அதன் வாசலில் உள்ள ஏரியைக் கெடுக்கின்றன. இதைக் கண்டறிந்து, கணக்கிட்டு, பால் தொழிலுக்கு மனக்கசப்பு உண்டாகுமே என்று தயங்காமல் வெளியிட்டவர்கள் அதே சர்வகலாசாலையின் விஞ்ஞானிகள் என்பதில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. உழுது களைத்த நிலத்தை மீண்டும் ஆதிப் புல்வெளியாக மாற்றும் முயற்சியும், ஆல்டோ லியோபால்ட் முதலியவர்களின் யோசனையால் 1930-களில் இங்கேதான், நகரத்தை ஒட்டிய மரத்தோட்டத்தில், முதன்முதலாகத் தொடங்கியது.

இக்காலத்தில் இந்தச் சர்வகலாசாலையின் கைகள் மிகத் தூரத்துக்கு நீண்டுவிட்டன. 1998-ல் ஜேம்ஸ் தாம்ஸன் இங்கே மனிதக் கருவின் மூல அணுக்களைப் பிரித்து வளர்த்தார். தென் துருவத்தில், ஒரு கன கிலோமீட்டர் பனிக்கட்டிக்குள் 5,160 கண்களைப் புதைத்து, அண்டவெளியிலிருந்து வரும் நியூட்ரினோக்களைக் காணும் ‘ஐஸ்கியூப்’ நிலையத்தை இந்தச் சர்வகலாசாலையின் தலைமையில் பல தேசத்தார் 2010-ல் கட்டி முடித்தார்கள். இவற்றின் பெருமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும், 1885-ல் தொடங்கிய விவசாயிகளின் குறுகிய காலப் படிப்பு அண்மையில் மாடிசனை விட்டு அதே ராஜ்யத்தின் வேறொரு சர்வகலாசாலைக்குப் போய்விட்டது என்பது எனக்கு வருத்தமளிக்கிறது. மாணவர் தொகை குறைந்தது உண்மையாக இருக்கலாம். ஆனால் தொழுவத்திலிருந்து வந்த இளைஞனும் நியூட்ரினோவைத் தேடுபவனும் ஒரே குன்றில் ஏறியது வீண் ஆடம்பரமல்ல.

2015 பிப்ரவரியில் அந்நாளைய கவர்னர் சட்டசபையில் வைத்த வரவுசெலவுத் திட்டத்தில், சர்வகலாசாலைகளின் நோக்கத்தைக் கூறும் சட்ட வாசகத்திலிருந்து உண்மையைத் தேடுவதையும், மனித வாழ்வை மேம்படுத்துவதையும், ராஜ்யத்தின் எல்லைவரை தொண்டு செய்வதையும் பற்றிய பகுதிகள் அடிக்கப்பட்டு, ராஜ்யத்தின் வேலையாட் தேவையை நிறைவேற்றுவது என்ற சொற்கள் நுழைக்கப்பட்டிருந்தன. செய்தி வெளியானதும் பேராசிரியர்களும் மாணவர்களும் மட்டுமல்லாமல், ராஜ்யமெங்குமிருந்து ஜனங்கள் கொதித்தெழுந்து கண்டித்தார்கள். அந்த மாற்றத்தைக் கவர்னர் உடனே கைவிட நேர்ந்தது. நெடுந்தெருவின் ஒரு கோடியில், பழைய வாசகங்களே சட்டப் புத்தகத்தில் நிலைத்தன. மறு கோடியிலோ, 2018-ல், குறைந்த வருமானமுள்ள விஸ்கான்சின் குடும்பத்துப் பிள்ளைகள் கல்விக் கட்டணமின்றி மாடிசனில் படிக்கலாம் என்ற ஏற்பாட்டைச் சர்வகலாசாலை அறிவித்தது.